அந்த நோட்டீஸை அடித்தது யார்?

பஸ்ஸைப் புறக்கணிக்கச் சொல்லும் ஒரு நோட்டீஸுக்காக, ஒரே தாளில் ஒரே வாசகத்தை மூன்று தடவை தட்டச்சு செய்து, ஓட்டி முடித்த பிறகு தாளை மூன்றாக வெட்டினார்கள் என்று படித்த இடத்தில் எனக்கு ஜோ ஆன் ராபின்சன் என்ற பெண்மணி மேல் தனி மரியாதை வந்துவிட்டது. பிரதி எடுக்கும் ரோனியோ மெஷின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்குத்தான் அந்த யோசனையின் அருமை புரியும். வேண்டியது பல்லாயிரம் நோட்டீஸ். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 35,000. அதற்கும் மேலே என்று சொல்பவர்களும் உண்டு. கையில் இருப்பது ஒரே ஒரு ராத்திரி. மூன்றாகப் பிரித்தால் 12,000 தாளுக்குள் அடங்கிவிடும்.

இது நடந்தது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரி நகரில், 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை இரவு. அன்று சாயங்காலம்தான் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம் கொடுக்க மறுத்துக் கைதாகியிருந்தார். இளம் வக்கீல் ஃப்ரெட் கிரே நள்ளிரவுக்குச் சற்று முன்னால் ஜோ ஆன் ராபின்சனிடம் விஷயத்தைச் சொன்னார். ராபின்சன், அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. 43 வயது. உட்கார்ந்து நோட்டீஸ் வாசகத்தை எழுதினார். வணிகவியல் துறைத் தலைவர் ஜான் கேனனுக்கு போன் போட்டார், கல்லூரியின் பிரதி எடுக்கும் மெஷின் அவர் பொறுப்பில் இருந்ததால். பஸ்ஸில் தானும் அவமானப்பட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு அவர் உடனே கிளம்பி வந்தார். நம்பிக்கையான மாணவர்கள் இரண்டு பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எல்லாம் அடித்து, வெட்டி, கட்டுக் கட்டாகக் கட்டியாகிவிட்டது.

மதுரையில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் தட்டச்சராக வேலை பார்த்தவள் நான். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய காலம். கூட்டம் என்றால் முந்தின நாள் பொழுது சாயும்போதுதான் கையெழுத்துப் பிரதி என் மேஜைக்கு வரும். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு, எழுத்து நேராக ஸ்டென்சில் என்ற மெழுகுத்தாளில் பதிகிற மாதிரி ஒவ்வொரு சாவியையும் ஒரே அழுத்தத்தில் தட்ட வேண்டும். சுழி எழுத்தை ஓங்கித் தட்டிவிட்டால் சுழிக்குள் இருக்கிற மெழுகு பெயர்ந்து, அத்தனை பிரதியிலும் கறுப்புப் பொட்டாக விழும். தப்பு வந்தால் சிவப்புத் திரவத்தைத் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் மறுபடி தட்ட வேண்டும். ஸ்டென்சிலை உருளையில் மாட்டும்போது ஒரு சுருக்கம் விழுந்தாலும் அது கோடாக வரும். தாளை விசிறிவிட்டு அடுக்காவிட்டால் இரண்டிரண்டாக இழுத்துக்கொண்டு போகும். ஆயிரம் பிரதி எடுப்பதற்குள் முழங்கை வரை மை. இத்தனையும் தெரிந்ததால்தான், பன்னிரண்டாயிரம் தாளை ஒரே ராத்திரியில் ஓட்டி வெட்டிக் கட்டியவர்களை என்னால் ஒரு வரியில் கடந்து போக முடியவில்லை.

அந்த நோட்டீஸின் வாசகம் இன்றும் கிடைக்கிறது. "இன்னொரு நீக்ரோப் பெண் கைது செய்யப்பட்டுச் சிறையில் தள்ளப்பட்டிருக்கிறார்" என்று ஆரம்பிக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நாம்தான், அப்படியிருந்தும் காலி இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போகிறோம் என்கிறது. "நாம் எதுவும் செய்யாவிட்டால் இது தொடரும். அடுத்த முறை அது நீங்களாக இருக்கலாம், உங்கள் மகளாக இருக்கலாம், தாயாக இருக்கலாம்." திங்கட்கிழமை ஒருவரும் பஸ் ஏறாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு முடிகிறது. அதில் ரோசா பார்க்ஸின் பெயர் இல்லை. பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுவது கிளாடெட் கொல்வின் என்ற பதினைந்து வயதுப் பெண் மட்டும்தான். அந்தப் பெண்ணிடம் பிறகு வருகிறேன்.

நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை ராபின்சனும் அந்த இரண்டு மாணவர்களும் எந்தக் கட்டு எந்தத் தெருவுக்கு என்று பாதை போட்டிருக்கிறார்கள். எட்டு மணிக்கு அவருக்கு வகுப்பு இருந்தது, அதையும் எடுத்தார். பிறகு கார்களில் கிளம்பிப் பள்ளிக்கூடங்கள், கடைகள், பியூட்டி பார்லர்கள், முடிவெட்டும் கடைகள், தொழிற்சாலை வாசல்கள் என்று கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் வாங்கிக்கொள்ள ஆள் தயாராக நின்றது. எப்படி நின்றது என்பதுதான் விஷயமே.

மாண்ட்கோமரியில் 1946லேயே 'பெண்கள் அரசியல் மன்றம்' என்று ஒரு அமைப்பு இருந்தது. ஆரம்பித்தவர் மேரி ஃபேர் பர்க்ஸ், அதே கல்லூரியின் ஆங்கிலத் துறைத் தலைவர். உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் ஆசிரியைகள், நர்சுகள், சமூகப் பணியாளர்கள். கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிய வைப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை. ராபின்சன் 1949ல் அந்த ஊருக்கு வந்தார். அந்த வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் சந்தோஷத்தில் பஸ் ஏறியவர், ஏறக்குறைய காலியாக இருந்த வண்டியில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டார். முதல் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு, ஆள் இல்லாவிட்டாலும் காலியாகத்தான் போக வேண்டும். டிரைவர் வண்டியை நிறுத்தி, பக்கத்தில் வந்து, அடிக்கிற மாதிரி கையை ஓங்கிக் கத்தினார். ராபின்சன் அழுதுகொண்டே இறங்கி ஓடினார். அடுத்த வருடம் மன்றத்தின் தலைவரானார்.

அந்த ஊர் பஸ்ஸில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கறுப்பினப் பயணி முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, கீழே இறங்கி, பின்வாசலுக்கு நடந்து போய் ஏற வேண்டும். அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டால் காசும் போச்சு, பஸ்ஸும் போச்சு. சமையலுக்கும் துணி துவைக்கவும் வெள்ளையர் வீடுகளுக்குப் போன பெண்கள்தான் தினமும் பஸ்ஸை நம்பி இருந்தவர்கள். இந்த அவமானத்தை அதிகமாகப் பட்டவர்களும் அவர்கள்தான்.

1954 மே 21. ராபின்சன் மேயர் கேய்லுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பயணிகளில் முக்கால்வாசி நாங்கள், நாங்கள் இல்லாவிட்டால் பஸ் ஓடாது, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் புறக்கணிப்பு பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன என்று அதில் இருக்கிறது. ரோசா பார்க்ஸ் கைதாவதற்குப் பதினெட்டு மாதம் முன்னால் இது. நோட்டீஸ் அடித்தால் எங்கெங்கே, யார் மூலம் போய்ச் சேர்ப்பது என்றுகூட மன்றத்தினர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். அவர்கள் காத்திருந்தது சரியான ஒரு தருணத்துக்குத்தான்.

அதனால்தான், "களைத்துப்போன ஒரு தையல்காரம்மா அன்றைக்கு எழுந்திருக்க மறுத்தார், நாடே எழுந்தது" என்று குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதையைக் கேட்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ரோசா பார்க்ஸ் 1943லிருந்து கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் மாண்ட்கோமரி கிளைச் செயலாளர். 1944ல் ஆபிவில் என்ற ஊரில் ரீசி டெய்லர் என்ற இளம் தாயை வெள்ளையர்கள் கூட்டாக வன்புணர்ந்தபோது, அங்கே போய் விசாரித்து, நீதி கேட்டுப் பிரச்சாரத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் அவர். கைதாவதற்கு நாலைந்து மாதம் முன்புதான் டென்னசியில் போராளிகளுக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் பள்ளிக்குப் போய், செப்டிமா கிளார்க்கிடம் பாடம் கேட்டுவிட்டு வந்திருந்தார். தன் உடம்பு களைத்திருக்கவில்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் களைத்துப்போயிருந்தேன் என்று அவரே சொல்லிவிட்டார். அவரைத் தற்செயலாக வீரம் வந்த ஒரு அப்பாவியாகக் காட்டினால், அதற்கு முந்திய பன்னிரண்டு வருட உழைப்பு முழுவதும் அழிந்துபோகிறது.

வெள்ளிக்கிழமை காலை இ. டி. நிக்சன் என்ற தொழிற்சங்கக்காரர் ஊர்ப் போதகர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்தார். 26 வயது மார்ட்டின் லூதர் கிங் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அன்று மாலை டெக்ஸ்டர் அவென்யூ சர்ச்சில் போதகர்கள் கூடி விவாதித்தபோது நோட்டீஸ் ஊர் முழுக்கப் போயிருந்தது. மக்கள் முன்னால் போய்விட்டார்கள், தலைவர்கள் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது என்று ராபின்சன் பின்னாளில் எழுதினார். திங்கட்கிழமை பஸ்கள் ஏறக்குறைய காலியாக ஓடின. அன்று பிற்பகல் போராட்டத்தை நடத்தப் புதிய சங்கம் அமைத்துக் கிங்கைத் தலைவராக்கினார்கள். பெயர் வெளியே தெரியாமல் செய்யலாமா என்று சில போதகர்கள் இழுத்தபோது நிக்சன் வெடித்தார். துணி துவைத்துப் பிழைக்கும் இந்த ஏழைப் பெண்களின் காசில்தானே இத்தனை காலம் வாழ்ந்தீர்கள், அவர்களுக்காக என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு ஆண்தான் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அன்று இரவு ஹோல்ட் ஸ்ட்ரீட் சர்ச்சில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கிங்கின் பேச்சு சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டது. நியாயமாகவே இடம்பெற்றது, அது அபாரமான பேச்சு. மேடையில் ரோசா பார்க்ஸும் இருந்தார். கூட்டத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள், எழுந்து நின்றார், ஆரவாரம் செய்தார்கள். அவர் பேசவில்லை.

பேச்சு முடிந்த மறுநாள் காலை எல்லாரும் வேலைக்குப் போக வேண்டுமே! 381 நாள் போராட்டம் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். சுமார் 300 கார்கள், ஊர் முழுக்க ஏற்றி இறக்கும் இடங்கள், பெட்ரோல், டயர், ரிப்பேர், டிரைவர்களுக்குக் கூலி. கார் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். சங்கத்தின் நிதிக் கணக்கை எழுதியவர் எர்னா டங்கி. சங்கத்தின் செய்தி மடலைத் தயாரித்தவர் ராபின்சன். அவரே காரும் ஓட்டினார்.

பணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஒரு சமையலறையில் போய் நிற்கிறோம். ஜார்ஜியா கில்மோர், ஒரு உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர், ஆறு பிள்ளைகளின் தாய், பிரசவமும் பார்ப்பார். காசைப் போட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போவதற்குள் பஸ் கிளம்பிப் போன அனுபவம் அவருக்கும் நேர்ந்தது. 1955 அக்டோபரிலேயே, ஊர் முடிவெடுப்பதற்கு முன்பே, தன்னந்தனியாக பஸ்ஸைப் புறக்கணிக்க ஆரம்பித்துவிட்டவர் அவர். போராட்டம் தொடங்கியதும் பக்கத்து வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சிக்கன் வறுத்து சாண்ட்விச் செய்தார், கேக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 'பை' என்ற பலகாரமும் சுட்டு விற்றார். பியூட்டி பார்லர்களில் விற்றார்கள், வீட்டு வாசல்களில் விற்றார்கள். வெள்ளையர்களும் வாங்கினார்கள், எதற்குப் போகிற காசு என்று தெரியாமலும், சிலர் தெரிந்தும். பெண்கள் பலரும் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள், பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் கணக்கு கில்மோருக்கு மட்டும்தான் தெரியும். இந்தப் பணம் எங்கிருந்து என்று யாராவது கேட்டால், 'எங்கிருந்தும் இல்லை' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அந்தக் குழுவுக்கே அதைப் பெயராக வைத்துவிட்டார்கள். வாராந்திரக் கூட்டத்தில் கில்மோர் எழுந்து நடந்து போய்ப் பணத்தைக் கொடுக்கும்போது சர்ச்சே குலுங்குமாம். போட்டிக்கு ஊரின் இன்னொரு பக்கத்திலிருந்து ஐனெஸ் ரிக்ஸ் என்பவரும் ஒரு குழுவைக் கட்டிக்கொண்டு வந்தார். இந்த வாரம் யார் அதிகம் என்று பார்க்கவே கூட்டம் சேர்ந்தது.

1956 மார்ச்சில் கிங் மீது வழக்கு நடந்தபோது கில்மோர் சாட்சிக் கூண்டில் ஏறினார். பஸ்காரர்களைப் பற்றிப் பயப்படாமல் சொன்னார்: "காசை எண்ணும்போது எது நீக்ரோ காசு, எது வெள்ளைக்காரர் காசு என்று அவர்களுக்குத் தெரிவதில்லை." வேலை போனது. கிங் உதவி செய்ய, வீட்டிலேயே சமையல் கடை போட்டார். பிற்பாடு போராட்டத் தலைவர்கள் ரகசியமாகப் பேச இடம் வேண்டுமென்றால் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குத்தான் போவார்கள். 1990 மார்ச்சில், வாக்குரிமைக்காக நடந்த செல்மா நடைப்பயணத்தின் 25ஆம் ஆண்டு விழாவுக்கு வருகிறவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தபோது உடம்புக்கு முடியாமல் போய் இறந்தார். வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவர் சமைத்த உணவைத்தான் பரிமாறினார்கள்.

ராபின்சனுக்கும் விலை இருந்தது. அவர் வேலை பார்த்தது மாநில அரசின் பணத்தில் நடக்கும் கல்லூரி. கல்லூரித் தலைவர் அழைத்து விசாரித்ததிலிருந்து, தன் பெயர் வெளியே தெரியாமல் பின்னாலேயே நின்றுகொண்டார். அப்படியும் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. காரின் மேல் அமிலம் ஊற்றினார்கள், இரண்டுமே போலீஸ்காரர்கள் செய்தது. ஓட்டை விழுந்த அந்த காரையே தொடர்ந்து ஓட்டினார். 1960ல் கல்லூரியை விட்டு விலகி, கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிகளில் ஆசிரியையாகி, 1976ல் ஓய்வு பெற்றார். அவர் எழுதிய நினைவுக் குறிப்பு 1987ல்தான் புத்தகமாக வந்தது. 'அதைத் தொடங்கிய பெண்கள்' என்று தலைப்பிலேயே போட்டார். அவர் பின்னால் நின்றது வேலையைக் காப்பாற்றிக்கொள்ளவும் போராட்டத்தைக் காப்பாற்றவும். அதையே சாக்காக வைத்து வரலாறு எழுதியவர்களும் அவரைப் பின்னாலேயே விட்டுவிட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாண்ட்கோமரியோடு இது நிற்கவில்லை. 1963 ஆகஸ்ட் 28, கறுப்பின மக்களின் உரிமை கேட்டு நடந்த வாஷிங்டன் பேரணி. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒரே பெண் அன்னா ஆர்னால்ட் ஹெட்ஜ்மன். பேச்சாளர் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லையே என்று அவர் எழுதிக் கேட்டார். கடைசியில் கிடைத்தது என்னவென்றால், போராடிய பெண்களுக்கு ஒரு 'மரியாதை', டெய்ஸி பேட்ஸ் வாசித்த சில வரிகள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரப் போராட்டத்தை நடத்திய குளோரியா ரிச்சர்ட்சன் மைக்கில் "ஹலோ" சொன்னதும் மைக்கை வாங்கிவிட்டார்கள். தலைவர்களான ஆண்கள் ஒரு வீதியில் நடந்தார்கள், பெண்களை வேறு வீதியில் நடக்க வைத்தார்கள். அந்த வேறு வீதியில் நடந்தவர்களில் ரோசா பார்க்ஸும் ஒருவர்.

என் மகள் அட்லாண்டாவில் இருக்கிறாள். அங்கிருந்து மாண்ட்கோமரிக்கு காரில் இரண்டரை மணி நேரம். கோர்ட் ஸ்கொயர் நீரூற்றுப் பக்கத்தில் ரோசா பார்க்ஸ் சிலை இருக்கிறது, 2019ல் வைத்தது. சிலைக்கு எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே கருங்கல்லில் நான்கு பெண்களுக்கு நினைவுக் குறிகள் உண்டு. ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கொல்வின். மாண்ட்கோமரி பஸ்களில் இனப் பிரிவினை சட்டப்படி ஒழிந்தது இந்த நான்கு பேர் போட்ட வழக்கால்தான். புறக்கணிப்பு பஸ் கம்பெனியை நஷ்டத்தில் தள்ளியது, சட்டத்தைக் கீழே இறக்கியது வழக்கு. 1956 பிப்ரவரி 1ஆம் தேதி ஃப்ரெட் கிரே தாக்கல் செய்தபோது வாதிகள் ஐந்து பேர். மிரட்டலில் ஒருவர் விலகினார். மற்ற நால்வரும் மே மாதம் மூன்று நீதிபதிகள் முன்னால் சாட்சி சொன்னார்கள். சூசி மெக்டொனால்ட் எழுபது வயதைத் தாண்டியவர். கொல்வினுக்குப் பதினாறு வயது, வீட்டில் சில வாரக் கைக்குழந்தை.

கொல்வின் 1955 மார்ச் 2ஆம் தேதி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கைதானவர், ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னால். பள்ளியில் அந்த பிப்ரவரி முழுக்கக் கறுப்பின வரலாறு படித்திருந்தார். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய இரண்டு பெண்கள், ஒரு தோளை சோஜர்னர் ட்ரூத்தும் மறு தோளை ஹேரியட் டப்மனும் அழுத்திப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது, எழுந்திருக்க முடியவில்லை என்று பின்னால் சொன்னார். இரண்டு போலீஸ்காரர்கள் இழுத்துப் போட்டு விலங்கு மாட்டினார்கள். வழக்கை எடுத்து நடத்தலாமா என்று தலைவர்கள் யோசித்தார்கள். வயது சின்னது, படபடப்பான பெண், ஏழைப் பகுதி என்று தயங்கினார்கள். அந்த வருடமே அவர் கர்ப்பமானதும் ஒதுக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பெண்ணின் துணிச்சலை எடுத்துக்கொண்டு பெண்ணை விட்டுவிட்டது இன்னும் எனக்குச் சமாதானமாகவில்லை.

அப்படி ஒதுக்கப்பட்டவரைத்தான் வழக்கில் சாட்சியாகக் கூப்பிட்டார்கள், வந்தார். நகராட்சி வக்கீலுக்கு, கிங்தான் இவர்களைத் தூண்டிவிட்டார் என்று நிரூபிக்க வேண்டும். உங்களுக்குத் தலைவர் யார் என்று கேட்டார். "எங்களுக்குத் தலைவர் நாங்களேதான்" என்றார் கொல்வின். ஜூன் 5ஆம் தேதி இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு சாதகமாக வந்தது. நவம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே நாளில் உள்ளூர் நீதிமன்றத்தில், கார் ஏற்பாட்டுக்குத் தடை கேட்ட நகராட்சியின் மனு விசாரணையில் இருந்தது. டிசம்பர் 21ஆம் தேதி மக்கள் மறுபடி பஸ் ஏறினார்கள், இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள்.

கொல்வின் 1958ல் நியூயார்க் போய், முதியோர் இல்லத்தில் நர்ஸ் உதவியாளராகப் பல வருடம் உழைத்து 2004ல் ஓய்வு பெற்றார். போலீஸைத் தாக்கினார் என்று அந்த மார்ச் மாதக் கைதில் போட்ட குற்றம் மட்டும் அவர் பெயரில் அப்படியே இருந்தது. நன்னடத்தைக் கண்காணிப்பு முடிந்துவிட்டது என்றுகூட அவருக்கு யாரும் சொல்லவில்லை. 2021ல், 82 வயதில், மாண்ட்கோமரி நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அந்த வருடக் கடைசியில் நீதிபதி கால்வின் வில்லியம்ஸ் பதிவை அழிக்க உத்தரவிட்டார்.